முகம் பார்த்து வளர்த்த மலர்

நாம் தோட்டங்களில் போற்றி வளர்க்கும் பூச்செடிகளுள் பல காட்டிலிருந்தோ மலையிலிருந்தோ இயற்கை தமக்கு அளித்த உருவத்தோடு வந்து சேர்ந்தவை. பேன்சியோ தோட்டத்திலேயே பிறந்து, தோட்டக்காரர்களின் கண்ணுக்கு இசைந்தவாறு உருப்பெற்ற ஒரு சிருஷ்டி. ஐரோப்பாவின் வயலோரங்களிலும் புல்மேடுகளிலும் தானாக முளைத்து, ஊதாவும் மஞ்சளும் வெண்மையும் கலந்த சின்னஞ்சிறு பூக்களைத் தாங்கி நிற்கும் மூவண்ண வயோலா என்னும் காட்டுச்செடியே அதன் முதல் மூதாதை. அந்தக் காட்டுப் பூவின் பல வகைகளை, 1812 ஆம் ஆண்டை ஒட்டித் தேம்ஸ் நதிக்கரையில் வால்ட்டன் என்னும் ஊரில் இருந்த தம் தந்தையாரின் தோட்டத்தில் திரட்டி, ரிச்சர்ட்ஸன் என்னும் தோட்டக்காரரின் உதவியோடு வளர்க்கத் தொடங்கினார் மேரி எலிசபெத் பென்னெட் என்னும் பிரபு குலத்துப் பெண்மணி. ஏறத்தாழ அதே காலத்தில், பக்கிங்ஹாம்ஷயரில் ஐவர் என்னும் ஊரில், கடற்படைத் தளபதியாய் இருந்த காம்பியர் பிரபுவின் தோட்டத்தைப் பராமரித்துவந்த வில்லியம் தாம்ஸன், மூவண்ணச் செடியோடு மஞ்சள் நிற வயோலாவையும் கிழக்கே அல்டாய் மலைப் பிரதேசத்திலிருந்து வந்த பெரிய பூ வயோலாவையும் கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை பூ பெரிதாவதைக் கண்டு மகிழ்ந்தார். 1839 இல், இதழ்களின் நடுவில் மெல்லிய கோடுகளாக மட்டும் இருந்துவந்த கருமை ஒன்றுகூடி அகன்ற கறையாகப் படர்ந்த ஒரு நாற்று அவர் கண்ணில் பட்டது. மெடோரா என்று அவர் பெயரிட்ட அச்செடியே, இன்று பேன்சி என்றதும் நம் மனத்தில் தோன்றுகின்ற, மனித முகத்தை நினைவூட்டும் அந்தத் தோற்றத்துக்கு மூலம்.

அதன்பின் இம்மலரின் மீது இங்கிலாந்துக்கு உண்டான மோகம் கொஞ்சநஞ்சமன்று. 1841 இல் ஹாமர்ஸ்மித்தில் ஒரு சங்கமும், 1845 இல் ஸ்காட்லாந்தில் மற்றொரு சங்கமும் இதற்கென்றே தோன்றின. பூ வட்டமாக இருக்க வேண்டும், இதழ் தட்டையாக இருக்க வேண்டும், ஓரம் மடியவோ கிழியவோ கூடாது, கறை இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கண்காட்சிகளில் விதிகள் வகுக்கப்பட்டன. பல தாவரங்களின் ரத்தம் கலந்த இந்தச் சந்ததியின் பூர்வோத்தரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி விட்ராக் விரிவாக ஆராய்ந்தார். பேன்சியின் சாஸ்திரப் பெயரில் அவர் பெயர் இன்றும் நிற்கிறது.

செடியின் ஆரோக்கியத்தைப் பற்றிய இந்த அத்தியாயத்தை இவ்வளவு சரித்திரத்தோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு நூற்றாண்டுக் காலம் முழுவதும் விதை எடுத்தவர்கள் எந்தப் பூவின் முகம் அழகாயிருக்கிறது என்று பார்த்தே எடுத்தார்கள். எந்தச் செடியின் வேர் வலியது, எது ஈரத்தையும் வெப்பத்தையும் அழுகலையும் தாங்கி நிற்கும் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. மூதாதையான காட்டுச்செடி பாறை இடுக்கிலும் மெலிந்த மண்ணிலும் தன்னைத்தானே காத்துக்கொண்டு பிழைக்கக் கற்றது. அதன் வழித்தோன்றலோ, எப்போதும் ஒருவர் அருகிலிருந்து காக்கும் பாத்தியிலே, முகத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தது. ஆகையால் பேன்சிக்கு நேரும் கேடுகளில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளே வேரில் தொடங்கி, காலம் கடந்த பிறகே இலையில் வெளிப்படுகிறது. இலை மஞ்சளாவதைக் கண்டவுடன் மருந்துத் தெளிப்பானை எடுக்க ஓடுகிறவர், பெரும்பாலும் வியாதி இல்லாத இடத்துக்கு ஔஷதம் தருகிறார் என்பது என் உறுதியான அபிப்பிராயம். முதலில் பருவத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து மண்ணை, அடுத்து வேரை, இலையைப் பற்றிய யோசனை அதன் பின்னரே வர வேண்டும்.

பருவத்தைப் பற்றிச் சொல்வதானால், பேன்சி குளிர்ச்சியின் குழந்தை. பகலில் 15 முதல் 18 டிகிரி செல்சியஸும், இரவில் 5 முதல் 10 டிகிரியும் இருக்கும் நாட்களில் அது தன் முழு ஊக்கத்தோடு வளரும். உறைபனி விழுந்த காலையில் இலைகள் துவண்டு, சாம்பல் படர்ந்த பச்சையாய்த் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பார்ப்பவர் செடி மடிந்தது என்றே எண்ணுவார். வெயில் ஏறி மண் இளகியதும் அதே செடி தலை நிமிர்ந்து நிற்கும். உஷ்ணத்தை மட்டும் அதனால் சகிக்க முடியாது. 30 டிகிரியைச் சமீபிக்கும் பகல்கள் தொடர்ந்தால் தண்டு நீண்டு மெலியும், பூ சிறுக்கும், வேர் வலுவிழக்கும். அந்தச் சந்தர்ப்பத்துக்காகவே மண்ணில் காத்திருக்கும் கிருமிகள் அப்போது உட்புகும். அமெரிக்காவின் தென் மாகாணங்களான ஜார்ஜியா, வட கரோலினா முதலியவற்றில் இதை இலையுதிர் காலத்தில் நட்டு, குளிர்காலம் முழுவதும் பூக்கவிட்டு, மே மாதத்தில் பிடுங்கிவிடுகிறார்கள். வட இந்தியச் சமவெளியில் மழைக்காலம் முடிந்தபின் விதைத்து, பனிக்காலத்தின் பிற்பகுதியில் பூப்பார்க்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் உதகமண்டலத்தில், அரசினர் தாவரவியல் பூங்காவின் மே மாத மலர்க் கண்காட்சிக்கெனப் பல ஆயிரம் தொட்டிகளில் வளர்க்கப்படும் செடிகளுள் பேன்சியும் ஒன்று. சென்னையிலோ மதுரையிலோ கோடையில் பேன்சி வாடுவதை வியாதி என்று சொல்வது தகாது. அது இடத்தின் குற்றம், அதற்கு மருந்து கிடையாது.

இனி வேருக்கு வருவோம். பேன்சியின் கொடிய பகைவர்களுள் முதலிடம் கரிய வேரழுகலுக்கே உரியது. அதை உண்டாக்கும் தியலாவியாப்ஸிஸ் என்னும் பூஞ்சணத்தை 1850 இல் முதன்முதலாக வருணித்தவர்கள் பெர்க்லியும் புரூமும். இவர்களுள் பெர்க்லி, உருளைக்கிழங்குப் பயிரை நாசமாக்கிய பெருநோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று 1846 இல் துணிந்து வாதாடிய பாதிரியார்; தாவர வியாதி சாஸ்திரத்தை இங்கிலாந்தில் நிலைநிறுத்தியவர் என்று அவரைச் சொல்லலாம். இந்தப் பூஞ்சணம் இருவகை வித்துக்களை ஈனுகிறது. ஒன்று நிறமற்றது, மெல்லியது, உடனடியாகப் பரவுவதற்கு உரியது; மற்றொன்று தடித்த கரிய ஓடுடையது, சிறு சங்கிலியாகக் கோத்து நிற்பது, பிறகு ஒவ்வொன்றாய்ப் பிரிந்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடப்பது. பக்கத்தில் ஒரு இளம்வேர் வளர்ந்து, அதிலிருந்து கசியும் சர்க்கரை முதலிய பொருள்கள் அந்த வித்தைத் தொட்டதும் அது விழித்து முளைக்கிறது. வேரின் புறத்தோலுக்குள் புகுந்து அங்கேயே மறுபடியும் கரிய வித்துக்களைத் திரளாக ஈனுவதால், வெள்ளையாய் இருக்க வேண்டிய வேர் துண்டுதுண்டாகக் கறுத்துக் காண்கிறது.

மேலே இலையில் தெரியும் அடையாளமோ ஏமாற்றும் தன்மையது. செடி இறந்துவிடுவதில்லை, வளராமல் நின்றுவிடுகிறது. ஒரே நாளில் நட்ட நாற்றுகளில் சில செழித்து விரிய, சில நட்டபோது இருந்த அளவிலேயே குன்றி, முதிர்ந்த இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கும். இதைப் பட்டினி என்று கருதி உரத்தை மேலும் மேலும் இடுவார்கள். உறிஞ்சும் வேரே இல்லாத செடிக்கு உரம் உப்பாகி இன்னும் சேதத்தை விளைவிக்கும். ஆதலால் குன்றிய செடி ஒன்றை மண்ணோடு மெல்ல அகழ்ந்தெடுத்து, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் தேய்க்காமல் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பதே சரியான முதற் பரிசோதனை. வெண்மைக்கு நடுவே கரித்துண்டுகளாய்த் தெரிந்தால் அது கரிய வேரழுகல். வேர் முழுதும் பழுப்பாகி, விரலால் மெதுவாக இழுத்தபோது வெளித்தோல் உறைபோலக் கழன்று உள்நரம்பு நூலாக மட்டும் நின்றால் அது பித்தியம் என்னும் வேறொரு கிருமியின் வேலை.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்றால், இரண்டுக்கும் நிவாரணம் ஒன்றன்று. பித்தியம் பூஞ்சணத்தைப் போல இழை விட்டாலும் உண்மையில் பூஞ்சண குலத்தைச் சேர்ந்ததில்லை. பழுப்பு நிறக் கடற்பாசிகளுக்கே அது நெருங்கிய உறவு. நீர் தேங்கிய மண்ணில் அது ஈனும் வித்துக்கள் வால் கொண்டு நீந்திச் செல்ல வல்லவை. மண்துகள்களின் இடைவெளி நீரால் நிரம்பியிருக்கும் சில மணி நேரமே ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்குச் செல்ல அவற்றுக்குப் போதுமானது. பேன்சியைத் தாக்கும் ஒரு வகைக்கு 1944 இல் செஸ்டர்ஸ், ஹிக்மன் என்னும் இருவர் வயோலாவின் பெயரையே சேர்த்துப் பித்தியம் வயோலே என்று பெயரிட்டிருக்கிறார்கள். தயோபனேட் மெத்தில் என்னும் மருந்து கரிய வேரழுகலைக் கட்டுப்படுத்தும், பித்தியத்தைத் தீண்டாது. மெட்டலாக்சில் பித்தியத்தை அடக்கும், கரிய வேரழுகலை ஒன்றும் செய்யாது. வேரைப் பார்க்காமல் மருந்தை வாங்கியவரின் பணமும் பாத்தியும் ஒருங்கே வீணாவது இதனால்தான். இரண்டு மருந்தும் இன்னும் தாக்குண்ணாத வேரைக் காப்பாற்ற வல்லவை. அழுகிய வேரை உயிர்ப்பிக்க வல்ல மருந்து ஒன்றும் இல்லை.

பித்தியத்துக்கு மருந்தைவிட வடிகாலே மேலான பரிகாரம். பாத்தியைச் சுற்றியுள்ள தரைக்குமேல் ஒரு சாண் உயரமேனும் எழுப்பி, கனத்த களிமண்ணாயின் மக்கிய இலையும் பருமணலும் சேர்த்து இளக்கி, மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் மேல்மண்ணில் நீர் நிற்காதபடி செய்துவிட்டால் பாதிப் போர் முடிந்தது. தொட்டியில் வளர்ப்போர் அடித்துளை அடைபடாமல் பார்ப்பதோடு, தொட்டியின்கீழ் வைக்கும் தட்டில் நீர் தங்கவிடாமலும் இருக்க வேண்டும். நடும்போது நாற்றின் கழுத்தைப் புதைத்துவிடுவது பலர் செய்யும் பிழை. நாற்றங்காலில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அந்த மட்டத்திலேயே நட்டு, செடிக்குச் செடி 15 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

கரிய வேரழுகலுக்கோ மண்ணின் கார அமில நிலையே திறவுகோல். புகையிலைப் பயிரில் இதே நோயை ஆராய்ந்தவர்கள், மண் அமிலமாக இருக்கும்போது இது அடங்கியும், சுண்ணாம்பு மிகுந்து காரப் பக்கம் சாயச்சாய இது ஓங்கியும் வருவதை நெடுநாள் முன்பே கண்டறிந்தார்கள். பேன்சிக்கும் அதே விதி பொருந்தும். மண்ணின் நிலை pH அளவில் 5.4 முதல் 5.8 வரை இருப்பது உத்தமம். 6ஐத் தாண்டினால் நோய்க்கு வழி திறந்துவிடுகிறது. நல்லெண்ணத்தோடு ஆண்டுதோறும் பாத்தியில் சுண்ணாம்பு தூவுகிறவர்களும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரையே ஊற்றுகிறவர்களும் தம்மை அறியாமலே அந்தக் கதவைத் திறக்கிறார்கள்.

சுண்ணாம்பு மிகுவதால் இன்னொரு சங்கடமும் உண்டு. இளந்தளிர்கள் சுருங்கித் தடித்து, கசங்கிய காகிதம்போல் மடிந்து, நடுக்குருத்து வளர்ச்சியற்று நின்றுவிடும். பூச்சி கடித்ததோ, வைரஸ் தாக்கியதோ என்று ஐயுறத் தோன்றும். உண்மையில் அது போரான் என்னும் தாதுவின் குறை. போரான் செடியினுள் நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறுவது. மண்ணில் அது இருந்தாலும், காரத்தன்மையால் கட்டுண்டோ, குளிர்ந்த ஈர நாட்களில் இலைகள் நீரை ஆவியாக்காததால் நீரோட்டம் தடைப்பட்டோ, குருத்துக்கு எட்டாமல் போகிறது. இது போலவே கடுங்குளிரில் இலைகள் செந்நீலமாக மாறுவதும் நோயன்று. குளிர்ந்த மண்ணில் பாஸ்பரஸை உறிஞ்சும் திறன் வேருக்குக் குறைவதே அதன் காரணம். வெயில் நாட்கள் வந்ததும் நிறம் திரும்பும். தழைச்சத்தின் விஷயத்திலும் குளிர் தன் ஆட்சியைச் செலுத்துகிறது. அம்மோனிய உப்பாக இடப்பட்ட தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றித் தரும் மண் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிக் கிடப்பதால், குளிர்காலப் பேன்சிக்கு நைட்ரேட் வடிவில் உள்ள உரத்தையே அளவோடு தருவது நல்லது. மிகையான தழைச்சத்து இலையை மென்மையாக்கி அசுவினிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து வைக்கும்.

வேரின் பலவீனத்தை உணர்ந்த பூ வளர்ப்போரும் சிலர் இருந்தார்கள். எடின்பரோவில் நாற்றுப்பண்ணையில் பணிசெய்த ஜேம்ஸ் கிரீவும், பெர்விக்ஷயரில் சர்ன்சைடு என்னும் ஊரில் மருத்துவராய் இருந்த சார்லஸ் ஸ்டூவர்ட்டும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரனீஸ் மலையில் வளரும் கொம்பு வயோலாவைப் பேன்சியோடு கலந்தார்கள். அந்த மலைச்செடி தரைக்கடியில் தூர்விட்டுப் படர்ந்து, பல தண்டுகளாய்ப் பெருகி, ஆண்டுகள் பல வாழ்வது. அதன் சந்ததியாகப் பிறந்த தூர் பேன்சிகளின் பூ சிறியதுதான்; ஆனால் ஒரு தண்டு கெட்டாலும் மற்றொன்று வேர்விட்டுச் செடியைத் தாங்கும். கண்காட்சிப் பரிசை மனத்தில் கொள்ளாமல், தோட்டத்தில் நெடுநாள் நிற்பதை விரும்புகிறவர்களுக்கு இந்தச் சிறுபூ வகைகளையே நான் பரிந்துரைப்பேன். பூவின் விட்டத்தைக் கொண்டு செடியின் மதிப்பை அளந்த காலத்தில், பூவைவிடத் தூரைப் பெரிதாக மதித்த இவ்விருவரின் தொண்டு போற்றுதற்குரியது.

செடிப்பருவத்துக்கு முன்னே நாற்றுப்பருவம் இருக்கிறது; உண்மையில் பல பாத்திகளின் விதி அங்கேயே நிர்ணயமாகிவிடுகிறது. பேன்சி விதை 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில், இருட்டில், சுமார் இரண்டு வாரத்தில் முளைக்கும். முளைத்த நாற்று தரைமட்டத்தில் நீர் கோத்துச் சரிந்து விழுவதை நாற்றழுகல் என்கிறோம். பித்தியமும் ரைசோக்டோனியாவும் அதன் காரணகர்த்தர்கள். நெருக்க விதைப்பும், ஓயாத ஈரமும், காற்றோட்டமின்மையும் அவற்றுக்குத் துணை. விதையோடும் நாற்று மண்ணோடும் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலப்பது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் நம் உழவர்கள் பலரும் அறிந்த வழக்கம். அது தீய பூஞ்சணத்தின் இழையைச் சுற்றிப் பிணைந்து அதை உண்டு தான் வளர்கிறது. நோய் வந்தபின் இடுவதில் பயன் குறைவு, முன்னதாக இடுவதே முறை. நாற்றுத் தட்டுகளை மறுபடி பயன்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கழுவினாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேர்த்துணுக்குகளில் கரிய வித்துக்கள் உயிரோடிருக்கும். இன்னொரு மறைமுகத் தூதனும் நாற்றங்காலில் உண்டு. ஈர மண்ணின் மேல் சிறு கொசுக்களைப் போல வட்டமிடும் கரிய பூஞ்சைக் கொசுக்களின் புழுக்கள், கண்ணாடி போன்ற உடலும் கறுத்த தலையும் கொண்டவை. அவை வேர்நுனியைக் கொறிப்பதோடு, அந்தக் காயத்திலேயே வேரழுகல் வித்துக்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மேல்மண்ணை இடையிடையே காயவிடுவதைவிடச் சிறந்த தடை இவற்றுக்கு இல்லை.

இலையில் தோன்றும் நோய்கள் கண்ணுக்குப் பயங்கரமாகத் தோன்றினாலும், வேர்நோயோடு ஒப்பிட எளியவை. முதிர்ந்த கீழிலைகளில் முதலில் கருஞ்செந்நீலப் புள்ளியாய்த் தோன்றி, பின் நடு வெளிறி, கருமை ஓரத்தில் கசிந்து கலந்தாற்போல் தெரிவது செர்க்கோஸ்போரா. வெளிறிய வட்டத்தைச் சுற்றி மெல்லிய கருங்கோடு தெளிவாக வரைந்தாற்போல் இருப்பது ஆந்த்ராக்னோஸ். இவ்விரண்டுக்கும் வித்து முளைக்க இலைமேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். ஆகவே மாலையில் தலைமேல் நீர் ஊற்றுகிறவர் ஓர் இரவு முழுவதையும் நோய்க்குத் தானமாகக் கொடுக்கிறார். காலையில் செடியின் அடியில் ஊற்றுகிறவர் அந்த வாய்ப்பை மறுக்கிறார். வாடிய இதழில் குடியேறி, சாம்பல் நிறப் பொடியைத் தூவிப் பக்கத்துத் தளிருக்கும் தாவும் பாட்ரைட்டிஸுக்கு, வாடிய பூவை உடனுக்குடன் காம்போடு கிள்ளிவிடுவதே மருந்து. விதைக்காய் முதிரத் தேவையான ஆகாரம் செடியில் மிஞ்சுவதால் புதுப்பூக்களும் தொடர்ந்து வரும். ஒரு வேலைக்கு இருவகைப் பிரயோஜனம். துருநோய் கண்ட இலைகளைப் பறித்து எரித்துவிட்டாலே பெரும்பாலும் போதும்.

சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் பெயர் ஒத்திருப்பினும் சுபாவம் நேர்மாறானது. இலையின் மேற்புறத்தில் மாவு தூவினாற்போல் படரும் சாம்பல் நோய்க்கு நீர்ப்படலம் தேவையில்லை. உலர்ந்த பகலும் ஈரக்காற்று வீசும் இரவும் அதற்கு உகந்தவை. நனையும் கந்தகத் தூள் அதை அடக்கும், ஆனால் வெப்ப நாட்களில் கந்தகம் இலையையே கருக்கிவிடும். இலையின் அடிப்புறத்தில் சாம்பல் ஊதா நிறத்தில் பூக்கும் அடிச்சாம்பல் நோய், பித்தியத்துக்கு உறவான ஓர் உயிரால் உண்டாவது. ஈரமின்றி அது வாழாது. திராட்சைக் கொடியைத் தாக்கிய இதன் சகோதர நோய்க்காகவே போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவையை 1885 இல் உலகறியச் செய்தார். பேன்சித் தோட்டத்தில் அக்கலவைக்கு இடம் உண்டெனினும், செப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் ஆதலால், வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டும்.

பூச்சிகளுள் அசுவினியே முதன்மை. ஜெனீவா நகரத்துச் சார்லஸ் போனே, 1740 இல், பிறந்தவுடன் தனியே பிரித்து வைத்த ஒரு அசுவினி ஆண்துணையின்றியே 95 குட்டிகளை ஈன்றதைக் கண்டு அறிவுலகத்தை வியப்பில் ஆழ்த்தினார். அந்த ஆற்றலே தோட்டத்தில் நாம் காணும் திடீர்ப் பெருக்கத்துக்கும் காரணம். ஒரு வாரம் கவனியாதிருந்தால் குருத்தெல்லாம் கூட்டம். அவை சாற்றை உறிஞ்சுவதைவிட, வெள்ளரித் தேமல் முதலிய வைரஸ்களைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது பெரிய கேடு. தேமல் கண்ட செடிக்குச் சிகிச்சை இல்லை, பிடுங்க வேண்டியதே. தொடக்கத்தில் நீரை விசையோடு பீய்ச்சிக் கழுவிவிடுவதும், பிறகு மெல்லிய சோப்புக் கரைசலோ ஐந்து விழுக்காட்டு வேப்பங்கொட்டைக் கரைசலோ தெளிப்பதும் போதும். அசுவினியின் தேன்கழிவுக்காக அவற்றைக் காவல்காக்கும் எறும்புகளைத் தடுத்துவிட்டால், பொறிவண்டுகள் எஞ்சிய வேலையை முடித்துவிடும். உலர்ந்த வெப்பத்தில் இலையின் அடியில் மெல்லிய வலை பின்னும் செஞ்சிலந்திப்பேனுக்கும் இத்தகைய இயற்கைப் பகைவன் உண்டு. 1958 வாக்கில் சிலி நாட்டிலிருந்து ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த ஒரு வேட்டைப்பேன், இன்று உலகெங்கும் கண்ணாடி மனைகளில் சிலந்திப்பேனை ஒழிக்க வளர்த்து விற்கப்படுகிறது.

ஓடற்ற நத்தைகளைத் தடுப்பதற்கு முட்டையோடு, செம்புப் பட்டை, பருமணல் என்று வழிவழியாய்ச் சொல்லிவரும் உபாயங்கள் பல. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் 2018 இல் லெட்டூஸ் கீரையில் இவற்றைப் பரிசோதித்தபோது, எதுவுமே சேதத்தைக் குறைக்கவில்லை. மெட்டால்டிஹைடு குருணையை, பிற பிராணிகளுக்கும் பறவைகளுக்கும் விளையும் தீங்கு கருதி, பிரிட்டனில் 2022 முதல் திறந்தவெளியில் தடை செய்துவிட்டார்கள். இரும்புப் பாஸ்பேட் குருணை அதைவிடச் சாது. எனினும் ஈர இரவில் விளக்கோடு சென்று கையால் பொறுக்கும் சிரமத்துக்கு ஈடான முறை இன்னும் தோன்றவில்லை.

பூத்திருக்கும் செடியின் மேல் எந்தப் பூச்சிக்கொல்லியையும் தெளிப்பதை நான் உடன்படேன். பேன்சியின் மூதாதையான மூவண்ண வயோலாவுக்கு மகரந்தம் சேர்ப்பதற்குப் பெருந்தேனீக்களே இன்றியமையாதவை என்று டார்வின் 1859 இல் வெளியிட்ட தம் பெருநூலில் எழுதினார். அந்தத் தேனீக்கள் பேன்சியின் முகத்தில் உள்ள கோடுகளையே வழிகாட்டியாகக் கொண்டு தேன் இருக்கும் இடத்தை அடைகின்றன. பேன்சி இதழ்களைச் சாலட்டிலும் கேக்கிலும் வைத்து உண்ணும் வழக்கமும் உண்டு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

புழுக்களின் விஷயத்தில் மட்டும் சற்றுத் தயவோடு பார்க்க வேண்டுகிறேன். கரிய உடலில் முதுகு நெடுக ஆரஞ்சு நிறக் கோடும், முள்முள்ளாய் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்களும் உடைய ஒரு புழு பேன்சியின் இலையை மேய்ந்துகொண்டிருந்தால், அது பார்வைக்கு அச்சமூட்டினும் தீண்டினால் தீங்கு செய்யாது. ஃபிரிட்டிலரி என்னும் சிறுத்தைப் புள்ளி வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது; வயோலா குலத்து இலைகளே அதன் உணவு. ஜப்பானின் நகரங்களில் பேன்சி மிகுதியாக நடப்படுவதால் இந்த வண்ணத்துப்பூச்சி முன்னைவிட வடக்கே பரவியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளிலும் இக்குலத்தைச் சேர்ந்த, வேறெங்கும் வாழாத ஒரு வகை, காட்டு வயோலாக்களை நம்பிப் பிழைக்கிறது. நீலகிரியில் பேன்சி வளர்ப்போர் பாத்தியில் இத்தகைய புழு ஒன்றிரண்டைக் கண்டால், தின்ற இலைகளை எண்ணி வருந்தாமல், ஒரு மூலையில் சில செடிகளை அவற்றுக்கே விட்டுவைப்பது தகும். நன்கு வேரூன்றிய செடி சில இலைகளை இழப்பதால் மடியாது.

பருவம் முடியும்போது செய்ய வேண்டிய காரியத்தில்தான் அடுத்த ஆண்டின் ஆரோக்கியம் அடங்கியிருக்கிறது. வெப்பத்தால் நீண்டு தளர்ந்த செடிகளுக்கு மருந்தும் உரமும் தந்து ஆயுளை நீட்டப் பார்ப்பது பயனற்றது. அவற்றை வேரோடு பிடுங்கி, வேர்களைக் கூர்ந்து பார்த்து, கரிய புள்ளிகள் தென்பட்டால் அந்தத் தழையை எருக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும். அடுத்து அப்பாத்தியில் எதை நடுவது என்பதையும் அந்த வேர்களே தீர்மானிக்கும். அமெரிக்கத் தென் மாகாண நகரங்களில் குளிர்காலத்தில் பேன்சியும், கோடையில் நம் ஊர் நித்தியகல்யாணியும் ஒரே பாத்தியில் மாறிமாறி நடப்படுகின்றன. இரண்டுமே கரிய வேரழுகலுக்கு இடம் கொடுப்பவையாதலால், அப்பூஞ்சணத்துக்கு ஆண்டு முழுவதும் ஆகாரம் கிடைத்து, மண் மெல்ல மெல்ல இரண்டுக்கும் உதவாததாகிவிடுகிறது. பெட்டூனியாவும் இதே வரிசையில் சேர்ந்ததே. புல்லினச் செடிகள் இக்கிருமிக்கு உணவாவதில்லை. ஆகவே நோய் கண்ட பாத்தியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அலங்காரப் புல்லையோ சோளம் போன்ற தானியத்தையோ வளர்த்துவிட்டு, பேன்சியை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது நன்று. மாற்ற இடமில்லாதவர்கள் வேரழுகிய மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு எடுத்துக் கொட்டிவிட்டு, புதுமண்ணும் மக்கிய இலையும் நிரப்பி, சுண்ணாம்பைத் தொடாமல், நாற்றை நடுமுன் மண்ணின் அமில நிலையை ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.